வெள்ளை கேப்பா, ஸ்டீல் கேப்பா? பால் பல்லைச் செதுக்கும் முன் பெற்றோர் அறிய வேண்டியவை

(நமது அறக்கட்டளை நடத்திய குழந்தைகள் பல் பரிசோதனை முகாமை அடுத்து நடந்த பெற்றோர் கூட்டத்தில், முகாமில் பணியாற்றிய பல் மருத்துவக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை. கூட்டத்துக்கு வர இயலாத குடும்பங்களுக்காக இங்கே தரப்படுகிறது.)



முகாமில் பல பிள்ளைகளின் வாயைப் பார்த்துவிட்டு, "கடைவாய்ப் பல்லில் சொத்தை ஆழமாகப் போயிருக்கிறது, கேப் போட வேண்டியிருக்கும்" என்று சொன்னோம். சொன்னதும் பெரும்பாலும் இரண்டு பேச்சுதான் வந்தது. ஒன்று, "விழப்போகிற பால் பல்தானே டாக்டர், பிடுங்கிவிட்டால் என்ன?" இன்னொன்று, "போடுவதென்றால் வெள்ளை கேப்பாகப் போடுங்கள். ஸ்டீல் வேண்டாம். செலவைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்."

முதல் கேள்விக்குச் சுருக்கமாகப் பதில் சொல்லிவிட்டு, இரண்டாவதைப் பற்றித்தான் இன்று விரிவாகப் பேசப் போகிறோம். ஏனென்றால் இந்த இரண்டு கேப்புக்கும் உள்ள வித்தியாசம் நிறத்திலும் விலையிலும் மட்டும் இல்லை. அதை மாட்டுவதற்காக உங்கள் பிள்ளையின் பல்லை எவ்வளவு செதுக்க வேண்டும் என்பதில் இருக்கிறது. இந்த விஷயத்தை டாக்டர்களாகிய நாங்கள் பல நேரம் சொல்வதில்லை. பெற்றோரும் கேட்பதில்லை.

விழப்போகிற பல்லுக்கு எதற்கு இவ்வளவு?

பால் பற்கள் மொத்தம் 20. அதில் 8 பற்கள் கடைவாய்ப் பற்கள். முன் பற்கள் ஆறு, ஏழு வயதில் ஆடி விழுவதைப் பார்த்து, எல்லாப் பால் பல்லும் அப்போதே விழுந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. முதல் கடைவாய்ப் பால் பல் சுமார் 9 முதல் 11 வயது வரையிலும், இரண்டாவது 10 முதல் 12 வயது வரையிலும் வாயில் இருக்க வேண்டியவை. நான்கு வயதுப் பிள்ளையின் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினால், இன்னும் ஆறேழு வருடம் அந்தப் பிள்ளை அந்த இடத்தில் பல் இல்லாமல் மெல்ல வேண்டும்.

மெல்லுவது மட்டும் அல்ல. ஆறு வயதை ஒட்டி, பால் பற்களுக்குப் பின்னால் முதல் நிலையான கடைவாய்ப் பல் முளைக்கிறது. முன்னால் இருக்கும் பால் பல் அதற்கு ஒரு தடுப்புச் சுவர் போல. அந்தச் சுவர் இல்லையென்றால் புதிய பல் முன்னோக்கிச் சாய்ந்து வரும். பிறகு கீழிருந்து வரவேண்டிய பல்லுக்கு இடம் இருக்காது. கோணல் பல்லுக்குப் பின்னாளில் கம்பி கட்டுகிற செலவில் ஒரு பங்கு இங்கிருந்துதான் தொடங்குகிறது. அதனால், காப்பாற்றக்கூடிய பால் பல்லைக் காப்பாற்றுவதுதான் முதல் வழி. சீழ் பரவி, வேர் கரைந்து, காப்பாற்ற முடியாத நிலையில் உள்ள பல்லைப் பிடுங்கத்தான் வேண்டும். அப்போதும் தேவைப்பட்டால் இடத்தைக் காக்கும் சிறு கம்பி ஒன்றைப் பொருத்துவோம்.

சொத்தை சிறியதாக இருந்தால் அடைத்தாலே போதும். பல்லின் பல பக்கங்களிலும் சொத்தை பரவியிருந்தால், அல்லது நரம்பு சிகிச்சை செய்திருந்தால், அடைத்தது நிற்காது; மிச்சமிருக்கும் பல் உடையும். அங்கேதான் பல் முழுவதையும் மூடுகிற கேப் தேவைப்படுகிறது.

பால் பல்லின் உடற்கூறு

பால் பல் என்பது பெரியவர்களின் பல்லைச் சிறியதாகச் செய்தது அல்ல. அதன் அமைப்பே வேறு. மேலே உள்ள எனாமல் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான் இருக்கும். நிலையான பல்லில் அது இரு மடங்கு. உள்ளே இருக்கும் நரம்பறை பல்லின் அளவுக்குப் பெரியது. அதன் கொம்பு போன்ற முனைகள் மேற்பரப்புக்கு மிக அருகில் வந்து நிற்கும். ஆகவே பால் பல்லில் டிரில் வைக்கும்போது தவறு செய்வதற்கு இடமே கிடையாது. அரை மில்லிமீட்டர் கூடிப் போனாலும் நரம்பைத் தொட்டுவிடலாம்.

இன்னொன்று, பல்லின் கழுத்துப் பகுதி. ஈறை ஒட்டி, கன்னத்துப் பக்கம் பால் பல் புடைத்துக்கொண்டு நிற்கும். முதல் கடைவாய்ப் பால் பல்லில் இந்தப் புடைப்பு மிக அதிகம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இன்று நாம் பேசப்போகும் வித்தியாசம் முழுவதும் இந்தப் புடைப்பில்தான் அடங்கியிருக்கிறது.

தூக்குச்சட்டி மூடியும் ஊறுகாய் ஜாடி மூடியும்

ஸ்டீல் கேப் புதிய விஷயம் அல்ல. 1950இல் வில்லியம் ஹம்ஃப்ரி என்ற பல் மருத்துவர் குழந்தைகளின் பற்களுக்கு இதை எடுத்துச் சொன்னார். அன்று முதல் இன்று வரை உலகம் முழுவதும் பயன்பாட்டில் இருக்கிறது. இது வேலை செய்யும் விதம் எளிது. உங்கள் வீட்டு ஸ்டீல் தூக்குச்சட்டியின் மூடியை அழுத்தினால் 'டக்' என்று விளிம்பைக் கவ்விக்கொள்கிறது அல்லவா? அதுபோல மெல்லிய ஸ்டீல் கேப் கொஞ்சம் விரிந்து, கழுத்துப் புடைப்பைத் தாண்டி இறங்கி, அதன் கீழே கவ்விக்கொள்ளும். கேப்பின் விளிம்பை நாங்கள் இடுக்கியால் உள்ளே வளைத்தும் கொடுப்போம். அதாவது, பல்லின் புடைப்பு இங்கே எங்களுக்கு உதவி செய்கிறது. அதைச் செதுக்க வேண்டிய தேவை பெரும்பாலும் வராது. மேல்பக்கத்தில் 1 முதல் 1.5 மில்லிமீட்டர், பக்கத்துப் பல்லோடு ஒட்டும் இரு ஓரங்களிலும் ஒரு மெல்லிய சீவல், அவ்வளவுதான்.

ஸ்காட்லாந்தில் நார்னா ஹால் என்ற பல் மருத்துவர் இன்னும் ஒரு படி மேலே போனார். நரம்பு நோயுறாத பல்லில் ஊசியும் போடாமல், டிரில்லும் வைக்காமல், சொத்தையைச் சுரண்டவும் செய்யாமல், ஸ்டீல் கேப்பைச் சிமெண்டோடு அப்படியே அழுத்தி மாட்டினார். உள்ளே அடைபட்ட சொத்தைக்கு உணவு கிடைக்காமல் அது வளர்வது நின்றுவிடுகிறது. 2006க்குப் பிறகு வெளியான ஆய்வுகள் இந்த முறை நன்றாகப் பலன் தருவதைக் காட்டின. இப்போது 'ஹால் முறை' என்றே அதற்குப் பெயர். தகுந்த பிள்ளையைத் தேர்ந்தெடுத்துச் செய்தால், டிரில் சத்தத்துக்கே பயப்படும் பிள்ளைக்கு இது பெரிய வரம்.

இப்போது வெள்ளை கேப்புக்கு வருவோம். பிள்ளைகளுக்கு ஆயத்தமாகக் கிடைக்கும் வெள்ளை கேப் பெரும்பாலும் ஜிர்கோனியா என்ற செராமிக்கால் ஆனது. மிக உறுதியான பொருள். பல்லின் நிறத்திலேயே இருக்கும். நன்றாக மெருகேற்றிய ஜிர்கோனியாவில் அழுக்கு எளிதில் படியாது. ஈறும் நன்றாக இருக்கும். உலோகம் இல்லாததால் நிக்கல் ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கும் பயப்படாமல் போடலாம். நல்ல பொருள்தான். இதில் எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை.

ஆனால் அது வளையாது. பீங்கான் ஊறுகாய் ஜாடியின் மூடியை நினைத்துப் பாருங்கள். அது ஜாடியின் மேல் சும்மா உட்காரும், கவ்வாது. வாய் பெரிதாக இருக்கிறதே என்று அழுத்தித் தட்டினால் விரிசல் விடும். ஜிர்கோனியா கேப்பும் அப்படித்தான். விரியாது, வளைத்துக் கொடுக்க முடியாது, கத்தரியால் வெட்டவும் முடியாது. கேப்பைப் பல்லுக்கு ஏற்ப மாற்ற முடியாது என்றால், பல்லைத்தான் கேப்புக்கு ஏற்ப மாற்ற வேண்டும்.

எவ்வளவு செதுக்க வேண்டும்?

மேல்பக்கத்தில் 1.5 முதல் 2 மில்லிமீட்டர். ஒரு ரூபாய் நாணயத்தின் தடிமன் ஏறக்குறைய 1.5 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எனாமலே ஒரு மில்லிமீட்டர் உள்ள பல்லில் இது சிறிய அளவு அல்ல.

சுற்றிலும், நான்கு பக்கமும், இடத்துக்குத் தக்கபடி 0.5 முதல் 1.25 மில்லிமீட்டர் வரை. ஸ்டீல் கேப்பில் நாங்கள் தொடாமல் விட்ட அந்தக் கழுத்துப் புடைப்பை இங்கே முழுவதும் எடுத்துவிட வேண்டும். மிச்சம் வைத்தால் கேப் அங்கே தட்டி நிற்கும்.

விளிம்பு ஈறுக்கு மேலே முடியாது. ஈறுக்குள் 1 முதல் 2 மில்லிமீட்டர் வரை போக வேண்டும். அங்கே படிக்கட்டு போலத் திட்டு வைக்காமல், கத்தியின் விளிம்பு போல மெல்லச் சரிந்து முடிய வேண்டும். கடைசியில் எல்லா மூலைகளையும் முனைகளையும் மழுக்கி உருட்ட வேண்டும். கூர்மையான முனை ஒன்று மிச்சமிருந்தாலும், மெல்லும்போது அழுத்தம் எல்லாம் அந்த இடத்தில் சேர்ந்து செராமிக்கில் விரிசலுக்கு வழி வகுக்கும்.

செதுக்கிய பின் கேப் எந்தத் தடையும் இல்லாமல், விரலால் லேசாக வைத்தாலே முழுவதும் இறங்க வேண்டும். இறங்கவில்லையென்றால் அழுத்தக் கூடாது; பிள்ளையைக் கடிக்கச் சொல்லவும் கூடாது. எங்கே தட்டுகிறது என்று பார்த்து மீண்டும் செதுக்க வேண்டும், அல்லது அளவு மாற்ற வேண்டும்.

ஈறுக்குள் வேலை செய்வதால் இரத்தம் வரும். இரத்தமும் எச்சிலும் ஜிர்கோனியாவின் உட்புறத்தில் பட்டால் சிமெண்ட் சரியாகப் பிடிக்காது. அதனால்தான் சில கம்பெனிகள் அளவு பார்ப்பதற்கென்றே இளஞ்சிவப்பு நிறத்தில் தனி கேப் தருகின்றன. அதை வைத்துச் சரிபார்த்துவிட்டு, இரத்தத்தை முழுவதும் நிறுத்தி, சுத்தமான வெள்ளை கேப்பைச் சிமெண்ட் வைத்து மாட்டி, சிமெண்ட் இறுகும் வரை அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். ஸ்டீல் கேப்புக்குப் பல்லின் கழுத்துப் பிடி உண்டு. வெள்ளை கேப்புக்குப் பெரும் பிடிமானம் சிமெண்ட்தான். சிமெண்டில் குறை வைத்தால் கேப் நிற்காது.

இவ்வளவுக்கும் நேரம் வேண்டும், மரத்துப்போக ஊசி வேண்டும், வாயைத் திறந்து அசையாமல் இருக்கும் பிள்ளை வேண்டும்.

எங்கள் கையில் நடந்த ஒரு தவறு

சில ஆண்டுகளுக்கு முன் ஐந்து வயதுப் பெண் பிள்ளை ஒருத்தியை அழைத்து வந்தார்கள். கீழ்த்தாடையில் முதல் கடைவாய்ப் பால் பல். நரம்பு சிகிச்சை நல்லபடியாக முடிந்திருந்தது. அடுத்த வாரம் அவளுடைய சாச்சாவுக்குக் கல்யாணம். "போட்டோ எடுப்பாங்க, சிரிச்சா இரும்பு தெரியக் கூடாது" என்றார் உம்மா. நாங்களும் சரி என்று வெள்ளை கேப்பைத் தொடங்கினோம்.

அரை மணி நேரத்தில் பிள்ளை களைத்துவிட்டாள். அழ ஆரம்பித்தாள். கேப்பை வைத்துப் பார்த்தால் முக்கால்வாசிதான் இறங்கியது. கன்னத்துப் பக்கம் அந்தப் புடைப்பு சரியாக எடுபடவில்லை என்று எங்களுக்கே தெரிந்தது. இன்னும் ஐந்து நிமிடம் செதுக்கியிருக்க வேண்டும். பிள்ளை அழுகிறாளே, உம்மா வாசலில் தவிக்கிறாரே என்று, ஈறில் கசிந்த இரத்தத்தைப் பஞ்சால் ஒற்றிவிட்டு, கேப்பை அழுத்தி ஒட்டிவிட்டோம். பார்க்க அழகாகத்தான் இருந்தது. கல்யாணப் போட்டோவிலும் நன்றாகவே வந்தது என்றார்கள்.

இருபதாவது நாள், கேப்பை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்து வந்தார் உம்மா. முறுக்குத் தின்னும்போது கழன்றிருக்கிறது. கேப்பின் உட்புறத்தைப் பார்த்தோம். சிமெண்ட் ஒட்டிய தடயமே இல்லாமல் பளபளவென்று இருந்தது. இரத்தம் பட்ட இடத்தில் சிமெண்ட் பிடிக்கவில்லை. குறை பொருளில் இல்லை, பிள்ளையிடமும் இல்லை; எங்கள் அவசரத்தில் இருந்தது.

இந்த முறை ஸ்டீல் கேப் போட முடிவு செய்தோம். பல் ஏற்கெனவே நிறையச் செதுக்கப்பட்டிருந்ததால் சிறிய அளவாகத் தேடி, விளிம்பை நன்றாக வளைத்து இறுக்க வேண்டியிருந்தது. எல்லாம் முடிந்ததும் அந்த உம்மா ஒன்று கேட்டார்: "இதுக்குப் பல்லை இவ்வளவு செதுக்கணும், பிள்ளை இவ்வளவு நேரம் உட்காரணும்னு முதல்லயே சொல்லியிருந்தா நான் ஸ்டீலுக்கே சம்மதிச்சிருப்பேனே டாக்டர்?"

எங்களிடம் பதில் இல்லை. நாங்கள் அவரிடம் விலையைச் சொல்லியிருந்தோம், நிறத்தைக் காட்டியிருந்தோம். பல்லைப் பற்றிச் சொல்லவில்லை. அந்த ஸ்டீல் கேப் கடைசி வரை நின்றது. பத்து வயதில் பல் தானாக ஆடி, கேப்போடு சேர்ந்து விழுந்தது. ஆனாலும் அந்தக் கேள்வி எங்களை விடவில்லை. இன்று உங்கள் முன்னால் இதைப் பேசுவதற்குக் காரணமும் அந்தக் கேள்விதான்.

அப்படியென்றால் எதைத் தேர்ந்தெடுப்பது?

வெள்ளை கேப் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அதற்குரிய இடம் இருக்கிறது. முன் பற்களுக்கு அது மிக நல்ல தீர்வு. சிரித்தால் தெரிகிற முதல் கடைவாய்ப் பல்லிலும், பிள்ளை பொறுமையாக ஒத்துழைத்தால், பல்லின் சுவர் போதிய அளவு மிச்சமிருந்தால், ஈறு வீக்கமின்றி ஆரோக்கியமாக இருந்தால், தாராளமாகப் போடலாம். விவரம் தெரிந்த வயதில், கூடப் படிப்பவர்கள் கேலி செய்வார்கள் என்று வாய் திறக்கக் கூசுகிற பிள்ளைக்கு அந்த வெள்ளை நிறமும் ஒரு சிகிச்சைதான்.

ஆனால் வாயின் கோடியில் இருக்கும் இரண்டாவது கடைவாய்ப் பல், சிரித்தாலும் பெரும்பாலும் தெரியாது. சொத்தையால் பல் பாதி போய்விட்டது, மிச்சமிருப்பதையும் செதுக்கினால் கேப் பிடிக்கச் சுவரே இருக்காது என்ற நிலையிலும், சொத்தையால் பற்கள் ஒன்றை நோக்கி ஒன்று நகர்ந்து இடம் சுருங்கிய நிலையிலும், பிள்ளை உட்கார மறுக்கும் நிலையிலும், இரவில் பல்லை நறநறவென்று கடிக்கும் பிள்ளைக்கும் நாங்கள் ஸ்டீலைத்தான் சொல்வோம்.

விலையையும் மறைக்க வேண்டியதில்லை. வெள்ளை கேப் ஸ்டீலைவிடப் பல மடங்கு விலை. கடன் வாங்கியோ, நகையை வைத்தோ வெள்ளை கேப் போட வேண்டிய அவசியம் எந்தப் பிள்ளைக்கும் இல்லை. ஸ்டீல் கேப் போட்டதால் பிள்ளைக்குக் குறை வைத்துவிட்டதாக எந்த உம்மாவும் வாப்பாவும் நினைக்க வேண்டாம். அரசு பல் மருத்துவக் கல்லூரிகளில் குழந்தைகளுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது, அங்கேயும் விசாரியுங்கள்.

டாக்டர் கேப் என்று சொன்னதும் இந்த நான்கு கேள்விகளைக் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல.

1. இந்தப் பல் இன்னும் எத்தனை வருடம் வாயில் இருக்க வேண்டும்?
2. வெள்ளை கேப்புக்கு எவ்வளவு செதுக்க வேண்டும், ஸ்டீலுக்கு எவ்வளவு? செதுக்கிய பின் போதிய பல் மிஞ்சுமா?
3. என் பிள்ளை அவ்வளவு நேரம் உட்காருவாள் என்று நினைக்கிறீர்களா?
4. பாதியில் முடியாமல் போனால் மாற்று ஏற்பாடு என்ன?

கேப் போட்ட பின்

ஊசி போட்ட பக்கம் இரண்டு மூன்று மணி நேரம் மரத்திருக்கும். அந்த நேரத்தில் பிள்ளை தெரியாமல் உதட்டையும் கன்னத்தையும் கடித்துப் புண்ணாக்கிக்கொள்ளும். மரப்பு தெளியும் வரை சாப்பிடக் கொடுக்காதீர்கள், பக்கத்திலேயே இருந்து கவனியுங்கள். ஈறு ஓரிரு நாள் வலிக்கலாம். ஒட்டும் மிட்டாய், ஐஸ் கடிப்பது, கொட்டை உடைப்பது வேண்டாம். கேப் கழன்றால் தூக்கிப் போடாமல் பத்திரமாக எடுத்துக்கொண்டு உடனே வாருங்கள். நாள் தள்ளினால் பக்கத்துப் பல் நகர்ந்து, அதே கேப் மீண்டும் ஏறாது.

கேப் போட்ட பல்லுக்கும் துலக்குதல் உண்டு. ஈறோரம் சொத்தை வரலாம். மூன்று வயதுக்குள் அரிசி மணி அளவும், மூன்றிலிருந்து ஆறு வயது வரை பட்டாணி அளவும் ஃபுளோரைடு பேஸ்ட் போதும். இரவில் துலக்கிய பின் பால் புட்டி, பிஸ்கட் எதுவும் கூடாது, தண்ணீர் மட்டும். நோன்பு மாதத்தில் பிள்ளைகளும் பெரியவர்களோடு விழித்திருந்து சர்பத்தும் இனிப்பும் சாப்பிட்டு அப்படியே தூங்கிவிடுகிறார்கள். தூங்கும் முன் ஒரு தடவை பல் துலக்க வைத்துவிடுங்கள்.

கூட்டத்தில் கேட்கப்பட்டவை

*கேப் போட்டால் கீழே இருந்து வரும் பல்லுக்குத் தடையாகுமா?* ஆகாது. கேப் பால் பல்லின் தலையைத்தான் மூடுகிறது. வேர் வழக்கம்போல் கரையும். பல் விழும்போது கேப்பும் சேர்ந்தே விழும்.

*ஸ்டீல் கேப் போட்டதும் பிள்ளைக்கு வாய் சரியாக மூடவில்லையே?* முதல் சில நாள் கேப் உயரமாகத் தோன்றலாம். ஹால் முறையில் இது சகஜம். சில வாரங்களில் கடி தானாகச் சமன்படும். வெள்ளை கேப்பில் அப்படி விட்டுவிடக் கூடாது. உயரமாகத் தெரிந்தால் உடனே காட்டுங்கள்.

*இப்போது ஸ்டீல் போட்டுவிட்டு, பிள்ளை கொஞ்சம் வளர்ந்ததும் வெள்ளைக்கு மாற்றலாமா?* தேவை வந்தால் முடியும். ஆனால் ஒருமுறை செதுக்கிய பல் மறுபடி வளராது. குறைவாகச் செதுக்கி வைத்தால் பின்னால் வழி இருக்கும். நிறையச் செதுக்கிவிட்டால் திரும்பி வர வழி குறைவு.

இந்தக் கடைசி பதிலோடு முடித்துக்கொள்கிறோம். பிள்ளையின் வாயில் கேப் எந்த நிறத்தில் இருக்கிறது என்பதை ஊர் பார்க்கும். அதன் உள்ளே எவ்வளவு பல் மிஞ்சியிருக்கிறது என்பதை நீங்களும் நாங்களும்தான் பார்க்க வேண்டும். அடுத்த முகாமுக்குச் சொத்தை வந்த பிள்ளையை மட்டும் அல்லாமல், சொத்தை இல்லாத சின்னப் பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். கேப்பே தேவைப்படாமல் பார்த்துக்கொள்வதுதான் எங்களுக்கும் பிடித்த வேலை.

வஸ்ஸலாம்.